பக்கத்து வீட்டுச் சாட்சி

"இந்தச் சபைக்கு வர்றதுக்கு முந்தி எனக்கும் மார்லதான் கட்டி. கத்தி வெச்சாங்க, மருந்து ஏத்தினாங்க, முடியெல்லாம் கொட்டிப்போச்சு. ஆண்டவர் கைவிடலை. இன்னிக்கு உங்க முன்னாடி நிக்கறேன். அல்லேலூயா!"

சாட்சி சொல்லிவிட்டுக் கோவிந்தம்மாள் மைக்கைப் பாஸ்டரிடம் கொடுத்தாள். கோலியனூர் சபை மொத்தமும் கை தட்டியது.

ஜெசிந்தா மட்டும் தட்டவில்லை.

சபைக்குப் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கோவிந்தம்மாளின் ஊரிலிருந்து வருகிறவள் ஜெசிந்தா ஒருத்திதான். அதுவும் பக்கத்து வீடு. கோவிந்தம்மாளுக்குத் தலைவலி வந்துகூட அவள் பார்த்ததில்லை. ஒரு நாள் விடாமல் கூலிக்கு மல்லாட்டைச் செடி பிடுங்கப் போகிறவளுக்கு ஆபரேஷன் எப்போது நடந்தது?

ஜெசிந்தாவுக்குப் பொய் ஆகாது. மாப்பிள்ளைக்குப் பல் செட்டு என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

அதைவிட அவளை எரித்தது வேறு. அதே சபையில் அமலாவுக்கு நிஜமாகவே அந்தக் கட்டி. உடனே எடுத்துவிட்டால் பிழைக்கலாம் என்று டாக்டர் சொல்லியும், "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் கத்தி வெச்சாங்க. வூட்டுக்கு வரவேயில்லை" என்று படுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் புருஷன் பிரான்சிஸ் அவளை பைக்கில் உட்காரவைத்துக் கூட்டி வருவான்.

ஜெசிந்தாவும் அவள் வீட்டுக்குப் போய், "பண்ணிக்கலைன்னா செத்துப்போயிடுவே" என்று உள்ளதைச் சொல்லிப் பார்த்தாள். அமலா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் உயிருக்குப் போராடும்போது, அதே வியாதியை வைத்து இவள் பேர் வாங்குகிறாளே!

திரும்பும்போது ஷேர் ஆட்டோவிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கோவிந்தம்மா, உனக்கு எப்ப கட்டி வந்துது?"

"வரலை."

"அப்ப சொன்னது பொய்தானே?"

"பொய்தான்."

"ஆண்டவர் கேட்டார்னா இன்னா சொல்லுவே?"

"கேட்டார்னா பார்த்துக்கறேன். நீ கொஞ்சம் தள்ளி உக்காரு."

மறுநாள் காலை, பாஸ்டர் மாசிலாமணியிடம் சொல்லிவிடுவது என்று ஜெசிந்தா கிளம்பிவிட்டாள். அந்தப் பொம்பளையை இனி மைக் பக்கமே விடக்கூடாது.

பாஸ்டர் வீட்டுக்கு முந்தின தெருவில் யாரோ கூப்பிட்டார்கள்.

"ஜெசிந்தாக்கா! கொஞ்சம் நில்லுங்க!"

அமலா. பொட்டலமாகச் சுருண்டு கிடந்தவள் தலை சீவி, வாசலில் எழுந்து நின்றிருந்தாள். உள்ளே பிரான்சிஸ் கட்டைப்பையில் போர்வையையும் பிளாஸ்க்கையும் திணித்துக்கொண்டிருந்தான். வெளியே ஆட்டோ நின்றது.

"ஆஸ்பத்திரிக்குப் போறேங்க்கா. இன்னிக்கே வந்து சேரச் சொல்லிட்டாங்க."

"நீயா?"

"கோவிந்தம்மாக்கா பொழைச்சு வரலியா? அதையே நெனைச்சுக்கினு இருந்தேன். அவங்களால முடிஞ்சுது, என்னால முடியாதா?"

சொல்லிவிட்டு ஜெசிந்தாவின் கையைப் பிடித்தாள்.

"ஆட்டோவுல ஏறப்போறப்ப மறுபடியும் பயமா இருக்குக்கா. நீங்க அவங்க பக்கத்து வூடு. பொய்யே பேசமாட்டீங்க. சொல்லுங்க, அவங்களுக்கு நெஜமாவே வந்துதுதானே?"

பிரான்சிஸ் பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

ஜெசிந்தாவுக்கு வாழ்நாளில் முதல் முறையாக, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப் பயமாக இருந்தது.

"இன்னாடி இப்படிக் கேக்கறே?" என்றாள். "மொட்டைத் தலையோட வந்து படுத்தவளுக்கு, வேளா வேளைக்குக் கேப்பைக் கஞ்சி காய்ச்சி ஊத்தினதே நான்தானே!"