கொட்டை எழுத்து

"என் பேரு கொட்டை எழுத்துல வரணும். பிள்ளைங்க பேரைக் கீழே ஒரு ஓரமாப் போட்டுக்கோ, போதும்."

வியாபாரிகள் சங்கத் தலைவர் நாற்காலியில் சாய்ந்தபடி உத்தரவு போட்டார்.

பட்டறைக்காரம்மா லேசர் மிஷினின் மூடியைத் திறந்தாள். வெட்டி முடித்த மர நட்சத்திரம் ஒன்றை எடுத்து, அதன் ஓரத்துக் கரியை ஊதிவிட்டு, "அப்படியே செஞ்சுடலாம் சார்" என்றாள்.

குழந்தைகள் இல்லத்தில் நாற்பது பிள்ளைகள். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட ஆளுக்கொரு நட்சத்திரம், தலைவரின் அன்பளிப்பு. நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது?

"ஏம்மா, என் முகத்தையும் போட முடியுமா?"

"தாராளமாப் போடலாம் சார். ஆனா உங்க மீசை ரொம்ப அடர்த்தி. அந்த இடத்துல மரமே ஓட்டையாயிடும்."

தலைவர் மீசையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "அப்ப பேரே போதும்."

பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு வந்திருந்த இல்லத்து வார்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைவரின் கார் தெருமுனை திரும்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பட்டறைக்காரம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பிள்ளைங்க பேரை மட்டும் போட்டுக் குடுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அதெப்படிம்மா? ஆர்டர் குடுத்தது அவரு."

"அதுங்க சாப்பிடற தட்டைத் திருப்பினா யாரோ ஒருத்தர் பேர் இருக்கு. ஸ்கூல் பையில ஒரு துணிக்கடை பேர். போர்த்திக்கிட்டுப் படுக்கிற போர்வையில கூட ஒரு பேங்க் பேர்க்கா! இதுலயாவது உங்க பேர் மட்டும்தான் இருக்கும்னு அதுங்ககிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன். நாளை எண்ணிக்கிட்டு இருக்குதுங்க."

"உங்களை யாரு சொல்லச் சொன்னது?" பட்டறைக்காரம்மா கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவர் சங்கத்து ஆளுங்க கடை போர்டெல்லாம் நான்தான் செய்யறேன். பெரிய மனுஷன் பகை எனக்கு எதுக்கு?"

"நல்லா ஜால்ரா தட்டறீங்க!"

"பட்டியலை மேசையில வெச்சுட்டுப் போங்க."

வார்டன் பட்டியலை வைத்தாள். வைத்தாள் என்ன, அடித்தாள்.

விழா நாளன்று தலைவர் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு போட்டோக்காரர். பட்டறைக்காரம்மாவே அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

தலைவர் ஒரு நட்சத்திரத்தை எடுத்துப் பார்த்தார். அவர் பேர் பார்த்தவுடன் கண்ணில் அறைந்தது. குழந்தையின் பேர் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"மேல என்னம்மா, ஏதோ பேப்பர் ஒட்டியிருக்கு?"

"மரத்துல புகைக் கறை படாம இருக்க ஒட்டறது சார். கடைசியில உரிச்சுடணும். ஆனா இப்ப உரிச்சா கரி எல்லாம் கையில ஒட்டும், உங்க சட்டை பாழாயிடும். போட்டோ முடியட்டும், பிள்ளைங்க நிதானமா உரிச்சுக்கட்டும்."

"ஆமாமா. சட்டை முக்கியம்."

நாற்பது பிள்ளைகள், நாற்பது போட்டோ. தலைவர் நாற்பது தடவையும் ஒரே அளவாகச் சிரித்தார். அந்தத் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இல்லத்தில் எல்லோரும் 'தொணதொணா' என்று கூப்பிடும் சின்னப் பெண் நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டு நேராக வார்டனிடம் வந்தாள்.

"அக்கா, என் பேர் மட்டும்தான் இருக்கும்னு சொன்னீங்க?"

வார்டன் அவள் தலையைத் தடவினாள். வார்டனுக்கே அழுகை வந்தது. அந்தப் பக்கம் பட்டறைக்காரம்மா தலைவருக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டு, குனிந்து கும்பிடு வேறு போட்டுக்கொண்டிருந்தாள். வார்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலைவருக்கு அடுத்த விழா காத்திருந்தது. கார் கிளம்பியதும் பட்டறைக்காரம்மா உள்ளே வந்து கையைத் தட்டினாள்.

"ம், இப்ப உரிங்க பார்ப்போம்!"

நாற்பது பேரும் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்கள். தொணதொணாதான் முதலில் கத்தினாள்.

"அக்கா! அந்த மாமா பேரைக் காணோம்!"

வார்டன் ஓடிப்போய் வாங்கிப் பார்த்தாள். நட்சத்திரத்தை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அடைத்துக்கொண்டு, மரத்தில் ஆழமாக, அந்தச் சின்னப் பெண்ணின் முழுப் பேர். அது மட்டும்தான். பக்கத்துப் பையனுடையதை எட்டிப் பார்த்தாள். அதிலும் அப்படியே.

இல்லமே அல்லோலகல்லோலப்பட்டது. ஒவ்வொருத்தரும் தன் பேரைத் தானே சத்தம் போட்டுப் படித்துக்கொண்டு, இன்னொருத்தர் காதிலும் கத்தினார்கள்.

பட்டறைக்காரம்மா எங்கிருந்தோ ஒரு துடைப்பத்தைத் தேடி எடுத்து, தரையெல்லாம் சிதறிக் கிடந்த பேப்பர்த் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வார்டன் அவள் முன்னால் போய் நின்றாள்.

"எப்படிக்கா?"

"முதல்ல மரத்துல பிள்ளைங்க பேரைப் பொறிச்சேன். அது மேல பேப்பரை ஒட்டி, லேசர் பவரைக் குறைச்சு வெச்சு அவர் சொன்ன மாதிரி இன்னொரு தடவை. பவர் குறைஞ்சா பேப்பரோட நின்னுடும், மரத்தைத் தொடாது."

"மன்னிச்சுக்கோங்கக்கா, நான் அன்னைக்கு..."

"அதெல்லாம் இருக்கட்டும். முதல்ல கொஞ்சம் காலை எடுங்கம்மா. சார் பேரை மிதிச்சுக்கிட்டு நிக்கறீங்க!"