விளிம்புவரை தேநீர்

பிஷ்கெக்கில் பெர்மெத் தன் சமையலறையைப் பிரித்துப்போட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் பொருந்திவிட்டது. அடியில் சாமான் வைக்கிற மாதிரி ஜன்னலோர மூலைக்கென்று செய்த பெஞ்சு மட்டும் பாதியில் சிக்கி நின்றது.

"டேப்பு வெச்சா சரியா இருக்குக்கா. தள்ளினா யாரோ உக்காந்திருக்கிற மாதிரி இடிக்குது" என்றான் தச்சன் அஸ்கத். "இந்த மூலையை விட்டுருவோமே."

அது அவள் மாமியார் உட்காரும் மூலை. அவரைப் போன குளிர்காலத்தில் அடக்கம் செய்தாயிற்று.

"கல்யாணமானதிலேருந்து கதவோரம் நின்னு அவங்களுக்கு டீ ஊத்தியே கால் தேஞ்சு போச்சு. ஒரு சாண்கூட விட மாட்டேன்."

அந்த ஊரில் விருந்தாளிக்குத் தேநீரைக் கிண்ணத்தில் பாதி ஊற்றுவதுதான் மரியாதை. விளிம்புவரை ஊற்றினால், எழுந்து போ என்று அர்த்தம். பெர்மெத் விளிம்புவரை ஊற்றி மூலையில் வைத்தாள்.

"குடிச்சிட்டுக் கிளம்புங்க, அத்தை."

இருவரும் கூடத்துக்குப் போய் அலமாரிக் கதவுகளைத் தூக்கி வந்தபோது மூலையில் கிண்ணம் காலியாக இருந்தது. கதவோரம், அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில், இன்னொரு கிண்ணம் இருந்தது. அதில் விளிம்புவரை தேநீர். ஆவி பறந்தது.

"நாளைக்கு வர்றேன்க்கா" என்று அஸ்கத் டேப்பைக்கூட எடுக்காமல் படியிறங்கிவிட்டான்.

பெர்மெத் அந்தத் தேநீரை ஊதி ஊதிக் குடித்தாள். பாதி ஆனதும் நிறுத்தினாள். கிண்ணத்தோடு மூலைக்குப் போனாள்.

"இப்ப பாதிதான் இருக்கு, அத்தை. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

பெஞ்சு கீச்சிட்டபடி ஒரு சாண் உள்ளே நகர்ந்தது.