ஆளில்லாத அறை

கோமதிநாயகம் என்ற பல்லிக்கு வால் அறுந்து புது வாலே முளைத்துவிட்டது. ஆனாலும் பக்கத்துச் சுவர்ப் பல்லி சிட்டு "டேய்" என்றுதான் கூப்பிட்டாள். அதுதான் அவனுடைய தீராத கவலை.

"மீசை முளைக்கட்டும், அண்ணேன்னு கூப்பிடுறேன்" என்று சிரிப்பாள் வேறு.

ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர்கள் டியூப்லைட்டை அணைக்காமலே வெளியே போய்விட்டார்கள். பந்திக்கு வருவதுபோல் பூச்சிகள் வந்து குவிந்தன. சிட்டு வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் கோமதிநாயகத்துக்குள் என்னவோ பொங்கியது.

"ஆளில்லாத ரூம்ல எதுக்கு லைட்டு?" என்று வீட்டுக்காரர் தினமும் கத்துவதுபோலவே கத்திக்கொண்டு ஓடி, உடம்பு மொத்தத்தையும் போட்டு சுவிட்சை அமுக்கினான்.

பூச்சிகளெல்லாம் தெருவிளக்குக்குப் போய்விட்டன.

வெகுநேரம் கழித்து, இருட்டில் சிட்டுவின் குரல் தணிந்து வந்தது. "அண்ணே, பசிக்குதுண்ணே."

"பேசாமப் படு. காலையில பாத்துக்கலாம்" என்றான் கோமதிநாயகம். தன் வயிறு கத்துவது அவளுக்குக் கேட்டுவிடாமல் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.