ஐந்து ஏக்கர் விவசாயி

மானியம் வாங்கிய விவசாயிகளின் பட்டியலை ஊரறிய ஒட்டவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. வேளாண்மை அலுவலக எழுத்தர் செல்லதுரை சுவரில் ஒட்டிய பசை காய்வதற்குள் ஆள் வந்துவிட்டார்.

"என் பேரு இருக்கான்னு பாருங்க சார். வேம்பு, தகப்பன் பேரு அய்யாக்கண்ணு."

'பணம் வரலைன்னு மல்லுக்கு நிக்க முதல் ஆள் வந்தாச்சு' என்று மனசுக்குள் சலித்துக்கொண்டே செல்லதுரை பட்டியலில் விரலை ஓட்டினார்.

"இருக்கே! அஞ்சு ஏக்கர் நெல்லு, உர மானியம். மூணு வருசமா நீங்களே வந்து கைநாட்டு வச்சு வாங்கியிருக்கீங்க. இன்னும் என்ன?"

"நான் இந்த ஆபீசுக்கு வர்றது இதுதாங்க முதல் தடவை."

செல்லதுரை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். 'நேரில் பெற்றுக்கொண்டார்' என்று மூன்று வருடமும் கையெழுத்துப் போட்டது செல்லதுரையேதான். வந்து வாங்கிப் போனது ஊர்ப் பண்ணையாரின் கணக்குப்பிள்ளை.

"பணம் கேட்டு மனு எழுதப் போறீங்களா?" குரல் இறங்கியிருந்தது.

"பணத்த விடுங்க. ஒரு ஆளு இவ்வளவு நிலந்தான் வச்சுக்கலாம்னு உச்சவரம்புச் சட்டம் வந்தப்ப, ரேஷன் கார்டுக்குன்னு சொல்லிப் பண்ணையில எங்கிட்ட கைநாட்டு வாங்குனாங்க. அப்பவே சந்தேகம், இன்னைக்குத்தான் தெளிஞ்சுது. அந்த அஞ்சு ஏக்கர் எங்க இருக்குன்னு போட்டிருக்கா?"

"ஆத்தோரம், வடக்கு மடைக்குக் கீழ."



"கூலியில அரைப்படி நெல்லு கூட்டிக் குடுங்கன்னு பண்ணையார்கிட்ட, அந்த வரப்புல நின்னுதான் சார் காலையில கெஞ்சிட்டு வந்தேன்."