சனம் கூடுற இடம்

“இந்தப் போயா லீவுக்காவது கும்பல் இல்லாத எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க நானா” என்றாள் மயிலம்மா.

வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பௌஸி நானா சொன்னார், “தெஹிவள சூ.”

“போயா நாள்ல மிருகக்காட்சிச் சாலையா? அங்க கால் வைக்க எடமிருக்காதே!”

“அதுக்கென்ன?”

நானா எப்போதும் இப்படித்தான். வருஷப் பிறப்புக்குக் காலிமுகத்திடல். பள்ளிக்கூட விடுமுறைக்குத் தாமரைக் கோபுரம். கொட்டாஞ்சேனையில் எங்கள் லேன் பெண்களையும் பிள்ளைகளையும் ஒரு நாள் எங்காவது ஏற்றிப் போவதென்றால், எங்கே சனம் முட்டி மோதுகிறதோ அங்கேதான் வேனை விடுவார்.

“கோட்டே பக்கம் பெத்தகானவுல ஒரு பூங்கா இருக்குதாம். பலகைப் பாலத்துல நடந்துகிட்டே குருவி பாக்கலாமாம். புள்ளைங்களும் பயமில்லாம ஓடும். சொல்லேன் மேனகா, நீதானே சொன்ன!” என்றாள் மயிலம்மா.

மேனகா இடுப்பில் இருந்த யதுஷாவை மாற்றிப் பிடித்தாள். மூன்று வயதுப் பிள்ளை. கூட்டத்தைக் கண்டால் மிரளும். அதைச் சொல்லத்தான் வந்தாள். வாய் வரவில்லை.

“குருவிய லேன்லயே பாக்கலாம். வாறதெண்டா வாங்க. இல்லாட்டி ஊட்டுல இருங்க” என்றார் நானா.

“பாத்தியா வாய? அங்க சோத்துக் கடைக்காரன் டிரைவர்மாருக்கு ஓசிச் சோறு போடுவான். அதுக்குத்தான் இந்தப் பாடு!” நானாவுக்குக் கேட்கட்டும் என்றே மயிலம்மா சொன்னாள்.

அவர் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.

போயாவன்று முன் சீட், வழமை போல, கோடி வீட்டு ஜீவராணி அன்ரிக்கு. அன்ரி ஒரு பயணம் தவற விடமாட்டா. ஆனால் ஒன்றையும் பார்க்கவும் மாட்டா. எங்கே போனாலும் வாசலோடு ஓர் இடம் தேடி உட்கார்ந்துவிடுவா.

இன்றும் அப்படித்தான்.

“அன்ரி, உள்ளுக்கு வரல்லையா?”

“நீங்கள் போங்கோ பிள்ளையள். நான் இஞ்சை இருக்கிறன்.”

“பாக்க விருப்பமில்லாதவங்களுக்கு என்னாத்துக்கு முன் சீட்டு?” என்று மயிலம்மா முணுமுணுத்தாள். இரண்டொரு பேர் சிரித்தார்கள்.

மீன் தொட்டிகள் உள்ள இருட்டு அறைக்குள் நுழையும்போது பின்னாலிருந்து பெரிய கூட்டம் ஒன்று தள்ளிக்கொண்டு வந்தது. பிள்ளையை இறக்கி நடக்கவிட்டிருந்த மேனகா சுவரோடு ஒதுங்கினாள். திரும்பிப் பார்த்தாள். அவள் கையில் பிள்ளையின் தொப்பி மட்டும் இருந்தது.

“யதுஷா!”

பக்கத்து வீட்டுக்காரிக்கே கேட்காமல் கதைக்கிறவள். அந்தச் சத்தத்துக்கு அங்கிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

குரங்குக் கூட்டடியில் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் இல்லை. என்ன நிறத்தில் சட்டை என்று காவலாளி சிங்களத்தில் கேட்டார். காலையில் தன் கையாலேயே போட்டுவிட்ட சட்டை. மேனகாவுக்கு நிறம் ஞாபகம் வரவில்லை.

“வாசலுக்கு ஓடு புள்ள! வெளிய போயிருக்கும்!” மயிலம்மா அவளை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

வாசலில் ஜீவராணி அன்ரி எழுந்து நின்றா. அவவின் சேலையைப் பிடித்தபடி யதுஷா விசும்பிக்கொண்டிருந்தாள்.

“ஆரோ ஒரு குடும்பத்துக்குப் பின்னால வெளியில வந்தவள். முகத்தைப் பாத்தன், எங்கட பிள்ளை. பிடிச்சிட்டன். அழாதை மேனகா, ஒண்டுமில்லை.”

“இவ்வளவு சனத்துக்குள்ள எப்பிடி அன்ரி கண்டீங்க?”

“நான் எல்லாற்ற முகத்தையும் பாக்கிறனான் பிள்ளை.”

சொல்லிவிட்டு அன்ரி திரும்பவும் அதே இடத்தில் உட்கார்ந்தா. கண் வாசலுக்குப் போய்விட்டது.

மேனகா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே வேனடிக்கு வந்தாள். மயிலம்மா பின்னால் வந்தாள். ஆனால் இம்முறை பேசியது மேனகா.

“நானா, இண்டைக்கு என்ட பிள்ளை துலைஞ்சிருக்கும். எத்தனை தரம் சொன்னம் உங்களுக்கு? ஏன் எங்களை இந்தச் சனத்துக்குள்ளயே கொண்டு வாறீங்க?”

மயிலம்மாவே ஒரு அடி தள்ளி நின்றாள்.

நானா வாசலில் உட்கார்ந்திருந்த அன்ரியைப் பார்த்தார்.

“நீங்க எல்லாம் லேனுக்குப் பொறகு வந்த ஆக்கள். அவங்களுக்கு ஒரு மகன் ஈந்த. ராகுலன். இப்பத்தான் மீச மொளைக்கிற வயசு. சண்டக் காலத்துல ஒரு நாள் காலையில புறக்கோட்டைக்கு வேலைக்குப் போன. இன்னம் ஊட்டுக்கு வரல்ல.”

மயிலம்மா வாயில் கை வைத்தாள்.

“அந்த நேரம் நான் திரீவீல் ஓட்டின. நான்தான் அவங்கள ஏத்திட்டுத் திரிஞ்ச. போகாத பொலிஸ் இல்ல. கேக்காத ஆள் இல்ல. உசிரோட எங்கயோ ஈக்கிறான், ஒரு நாளைக்கு என்ட கண்ணுல படுவான் எண்டு இன்னமும் செல்ற. தாய் மனசு. நான் இல்லண்டு செல்லவா?”

யதுஷா தாயின் தோளில் தூங்கிப் போயிருந்தாள். நானா அந்தப் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நீங்க செல்ற பூங்கா நல்ல எடந்தான் புள்ள. நான் போய்ப் பாத்த. ஒரு சத்தமில்ல, ஒரு சனமில்ல. அங்க கூட்டிட்டுப் போனா, அவங்க யார்ட மொகத்தப் பாக்கிற?”