பல்லியின் ஆய்வுக் கட்டுரை

சமையலறை மூலையில் ஒரு கரப்பானை மடக்கிய பல்லி, தின்பதற்கு முன் தன் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பைப் பெருமையாகப் படித்துக் காட்டியது. “ஒரு கரப்பானின் சுவை.”

கரப்பான் மீசையை நீவிக்கொண்டது. “‘ஒரு’ என்றால் எந்தக் கரப்பானும் ஆகுமே, அண்ணே. நான்தான் வேண்டுமா?”

பல்லி யோசித்து, “இந்தக் கரப்பானின் சுவை” என்று மாற்றியது.

“எந்தக் கரப்பான் என்று படிக்கிறவர்கள் கேட்பார்களே. காட்டுவதற்கு நான் உயிரோடு இருக்க வேண்டாமா?”

பசியில் பல்லிக்குக் கண் இருட்டியது. ‘இந்த’வையும் அடித்துவிட்டு, வெறுமனே “கரப்பானின் சுவை” என்று எழுதியது.

“அது எங்கள் இனத்தையே குறிக்கும், அண்ணே. நான் ஒருவன் போதாது. இருங்கள், சொந்தக்காரர்களைக் கூட்டி வருகிறேன்” என்று கரப்பான் சாக்கடைக்குள் இறங்கியது.

“பெயரைச் சொல்லிவிட்டுப் போ, தம்பி. நன்றியுரையில் போட வேண்டும்” என்றது பல்லி.