உளறல் என்ற பெயரில் ஒரு கடிதம்

செண்பகவல்லியின் கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லை. மெக்கானிக் அதன் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் ஒரு புது டிஸ்க்கில் காப்பி எடுத்தார்.

"இந்த ஒரு ஃபைலோட பேரு மட்டும் உளறலா இருக்கே," என்றது புது டிஸ்க். "இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா."

"அது தமிழ்தான். பழைய ஃபான்ட்ல அடிச்சது," என்றது பழையது. "அவங்க வீட்டுக்காரர் சாகிறதுக்கு முன்னாடி அவங்களுக்கு எழுதின கடிதம். பேரைப் பார்த்து வைரஸ்னு பயந்து, அவங்க திறந்ததே இல்ல. ஒன்பது வருஷமா அந்த ஒரு க்ளிக்குக்காகத்தான் சுத்திக்கிட்டிருக்கேன். நீயாவது காட்டிடு."

"காட்டுறேன்," என்று புது டிஸ்க் சொல்லி முடிப்பதற்குள், மெக்கானிக் அந்த ஃபைலை அதிலிருந்து அழித்துவிட்டார்.

"எல்லாம் வந்துடுச்சும்மா. ஒரு வைரஸ் இருந்துச்சு, எடுத்துட்டேன்."

"நல்லவேளை," என்றாள் செண்பகவல்லி.

"பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுடவா?"

"ஐயோ, வேண்டாம் தம்பி. அவர் ஆசையா வாங்கினது."

அதைக் கைக்குட்டையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்தபடி எடுத்துப் போனாள். கடிதம் முதல் முறையாக அவள் கைக்குப் போய்ச் சேர்ந்தது.